பின் தொட்டிக்குக் கூரை, கூரைக்குப் பூட்டு

போன இதழில் டபுள் கேப் பிக்கப் வண்டிகளைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: கேனோபி. நாலு கதவு கேபினுக்குப் பின்னால் இருக்கும் திறந்த தொட்டியின் மேல் உட்கார வைத்துப் பூட்டுகிற கெட்டிக் கூண்டுதான் அது. 2016-ல் ஸ்ரீசிட்டியில் இசுசு தொழிற்சாலை திறந்தது, வி-கிராஸ் வந்தது. 2022-ல் டொயோட்டா ஹைலக்ஸ் வந்தது. அதன் பிறகு தண்டையார்பேட்டையில் இருக்கும் எங்கள் பட்டறைக்கும் இந்த வேலை வரத் தொடங்கிவிட்டது. இந்த முறை பக்கம் முழுவதும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

*

கேள்வி: காசிமேடு துறைமுகத்தில் விசைப்படகு இன்ஜின் வேலை செய்கிறேன். செகண்ட் ஹேண்டில் 2021 மாடல் வி-கிராஸ் வாங்கியிருக்கிறேன். டூல் பெட்டி, இன்ஜெக்டர், பம்ப் எல்லாம் பின்னால்தான் கிடக்கும். தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியும் திருட்டுப் போகிறது. பூட்டுகிற மாதிரி கேனோபி போடலாமா? ஃபைபரா, இரும்பா, அலுமினியமா, எது நல்லது அண்ணே?
– ஒரு வாசகர், காசிமேடு

பதில்: போடலாம் தம்பி. உங்கள் தொழிலுக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் நிற்கும், இன்ஜினைப் பிரித்துப் போட்டு நீங்கள் ராப்பகலாக உழைக்கிற 61 நாள் அது. அந்த நேரத்தில் டார்க் ரெஞ்ச் ஒன்று காணாமல் போனாலே அன்றைக்கு வேலை நின்றுவிடும். அந்த வலி எனக்குத் தெரியும்.

ஆனால் கடையில் காட்டுகிற பூட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதலில் உங்கள் வண்டியின் டெயில்கேட்டை, அதாவது தொட்டியின் பின்னால் கீழே இறங்குகிற கதவைப் போய்ப் பாருங்கள். கைப்பிடியில் சாவித் துவாரம் இருக்கிறதா? இருந்தால் சாவி சுற்றுகிறதா, இல்லை உப்பில் பிடித்துக் கிடக்கிறதா? கேனோபியின் பின்கதவு பெரும்பாலும் மூடிய டெயில்கேட்டின் மேல்விளிம்பை நம்பித்தான் உட்காருகிறது. டெயில்கேட் பூட்டாமல் இருந்தால் திருடுகிறவன் கேனோபிப் பூட்டைத் தொடவே வேண்டியதில்லை. டெயில்கேட்டை இறக்கினால் கை நுழைய இடம் கிடைக்கும், அங்கிருந்து மேல்கதவை நெம்பிவிடுவான். அதனால் டெயில்கேட்டுக்கு நல்ல பூட்டு முதல் செலவு, கேனோபி இரண்டாவது செலவு. சென்ட்ரல் லாக்கோடு சேர்ந்து பூட்டிக்கொள்ளும் மோட்டார் பூட்டுகள் தனியாகவே கிடைக்கின்றன. கேபின் கதவைப் பூட்டும்போது டெயில்கேட்டும் தானாகப் பூட்டிக்கொள்ளும். கையில் கிரீஸோடு அலைகிற உங்களுக்கு அதுதான் சரி, மறதிக்கு இடமில்லை.

அடுத்தது பொருள். நம் பக்கத்து வெல்டிங் பட்டறையில் சொன்னால் சதுரக் குழாயும் தகடும் வைத்து இரண்டு மூன்று நாளில் இரும்புக் கூண்டு அடித்துக் கொடுத்துவிடுவார்கள். பார்க்கக் கெட்டியாக இருக்கும். ஆனால் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை அடிக்கிற உப்புக்காற்றுக்கு முதலில் பலியாவது வெல்டு வைத்த மூலைதான். பெயின்ட் வெளியே நன்றாகவே இருக்கும், குழாய்க்கு உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். எடையும் நூறு கிலோவைத் தொடும். அலுமினியம் லேசானது, துரு பிடிக்காது. ஆனால் அதில் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட்டை நேரடியாகப் போட்டால் உப்பு ஈரத்தில் இரண்டு உலோகமும் சேர்ந்து அலுமினியத்தை அரிக்கும். ஓட்டையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருக்கும், போல்ட் கழலாது. நடுவில் நைலான் வாஷர் போட்டு, போல்ட் பிடிக்காமல் இருக்கத் தடவுகிற பேஸ்ட்டும் வைத்தால் தாங்கும். பெரும்பாலான இடங்களில் அதைச் செய்வதில்லை.

உங்களுக்கு நான் சொல்வது ஃபைபர். உப்பு அதை ஒன்றும் செய்யாது. உங்கள் துறைமுகத்தில் வரிசையாக நிற்கிற ஃபைபர் படகுகளை விடவா சாட்சி வேண்டும்? அடிபட்டு விரிசல் விட்டால், படகுக்கு ஃபைபர் ஒட்டுகிறவர்களே ஃபைபர் மேட்டும் (கண்ணாடி இழை விரிப்பு) ரெசினும் வைத்து ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். சாதாரணமாக 60, 70 கிலோ எடை இருக்கும். அதில் பக்கக் கண்ணாடி வைத்தது வேண்டாம். கண்ணாடி குடும்பத்தோடு போகிறவர்களுக்கு. வேலை வண்டிக்குப் பக்கம் மூடியே இருக்க வேண்டும், அல்லது பக்கவாட்டில் மேலே தூக்கித் திறக்கிற மூடிய கதவு இருக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டாலே பாதித் திருட்டு குறையும்.

வாங்குவதற்கு முன் ஒரு விஷயம், இதில் பணம் இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் வி-கிராஸ், இசுசுவின் டி-மேக்ஸ் வரிசை வண்டிதான். ஆனால் 2019-ல் தாய்லாந்தில் அறிமுகமான புதிய டி-மேக்ஸின் தொட்டி வேறு அளவு. இங்கே 2021-ல் விற்ற உங்கள் வி-கிராஸ் அதற்கு முந்தைய உடல். வெளிநாட்டிலிருந்து வருகிற கேனோபியில் ‘டி-மேக்ஸ் 2021’ என்று எழுதியிருந்தால் அது உங்கள் வண்டியில் உட்காராது. வருடத்தைச் சொல்லி வாங்காதீர்கள். தொட்டியின் நீளம், மேல்விளிம்பின் அகலம், கேபின் பக்கத்து உயரம் மூன்றையும் டேப் வைத்து அளந்து சொல்லி வாங்குங்கள்.

இனி மாட்டுகிற நாள். பட்டறையில் பக்கத்தில் நின்று பாருங்கள், நல்ல மெக்கானிக் யாரும் அதற்குக் கோபப்பட மாட்டார். தொட்டிக்குள் பிளாஸ்டிக் லைனர் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். லைனர் மேல்விளிம்பைத் தாண்டி மடிந்து வந்திருந்தால் கேனோபி பிளாஸ்டிக்கின் மேல்தான் உட்காரும். கேனோபியைத் தொட்டி விளிம்போடு பிடிக்கிற கிளாம்பை இறுக்க இறுக்க பிளாஸ்டிக் நசுங்கும், நாலு நாளில் தளரும். அந்த விளிம்பை வெட்டி எடுக்க வேண்டும். பிறகு தொட்டியின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கும், மற்ற இரண்டு மூலைக்கும் குறுக்காக அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கியது என்கிறீர்கள். முன்பு பின்னால் அடிபட்டு டிங்கர் பார்த்த வண்டியாக இருந்தால் இங்கேதான் தெரிந்துவிடும்.

விளிம்பைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வைத்து, பீடிங்கை (ரப்பர் பட்டை) இடைவெளி இல்லாமல் சுற்றி ஒட்ட வேண்டும். இணைப்பு கேபின் பக்கம் வரக் கூடாது. ஓடும்போது மழை நேராக மோதுவது அந்தப் பக்கம்தான். நாலு பேர் நாலு மூலையில் பிடித்து, ஒரே சமயத்தில் நேராக இறக்க வேண்டும். இழுத்து நகர்த்தினால் பீடிங் சுருண்டுகொள்ளும். கிளாம்பை ஒரு பக்கமே முழுசாக இறுக்கக் கூடாது. இடது முன், வலது பின், வலது முன், இடது பின் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவர வேண்டும். ஃபைபரை வெறிபிடித்து இறுக்கினால் விரிசல் விடும். கிளாம்ப் போல்ட்டெல்லாம் உள்ளே இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஸ்பானர் எட்டினால் பூட்டுக்கு என்ன மரியாதை?

தொட்டியில் ஓட்டை போட விடாதீர்கள். கிளாம்ப் போதும். “நாலு போல்ட் நேராப் போட்டுட்டா அசையவே அசையாது சார்” என்பார்கள். அந்த ஓட்டையின் வெட்டு விளிம்பில் பாதுகாப்புப் பூச்சு போய்விடும், உங்கள் ஊர்க் காற்றுக்கு அது போதும். வேறு வழியில்லாமல் போட்டே ஆக வேண்டும் என்றால் வெட்டு விளிம்பில் ஜிங்க் பிரைமர் அடித்துக் காய்ந்த பிறகுதான் போல்ட்.

கேபினுக்கும் கேனோபிக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி இருக்கும். அதை சிலிகான் வைத்து அடைக்கவோ, கேபினோடு சேர்த்து போல்ட் போடவோ விடக் கூடாது. கேபினும் தொட்டியும் சேசிஸ் மேல் தனித்தனியாக உட்கார்ந்திருப்பவை. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது இரண்டும் வேறு வேறு மாதிரி அசையும். சேர்த்துக் கட்டினால் எங்காவது பிளக்கும்.

முடிந்ததும் ஒரு சோதனை. தினத்தாளைப் பட்டையாகக் கிழித்து, பீடிங்கின் மேல் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக வர வேண்டும். சும்மா நழுவி வந்தால் அந்த இடத்தில் பீடிங் அமரவில்லை. சுற்றி ஓர் அடிக்கு ஓர் இடத்தில் இப்படிப் பாருங்கள். அப்புறம் இன்ஜினை அணைத்துவிட்டு, டார்ச்சோடு ஒருவரை உள்ளே உட்கார வைத்து வெளியே ஹோஸில் தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள். கசிவது எங்கே என்று உள்ளே இருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். கொஞ்ச நாள் ஓட்டிய பிறகு கிளாம்பை மறுபடி இறுக்கிக் கொள்ளுங்கள், புதுப் பீடிங் அமுங்கியிருக்கும்.

பீடிங்கில் இன்ஜின் ஆயிலோ மண்ணெண்ணெயோ தடவாதீர்கள், ரப்பர் ஊதிப்போகும். சிலிகான் ஸ்ப்ரே போதும். பூட்டில் கிரீஸ் வைக்காதீர்கள், உப்பும் மணலும் அதில் ஒட்டிக்கொள்ளும். கடல் பக்கம் நிற்கிற வண்டியென்றால் நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவி, பூட்டுக்கு உலர் மசகு ஸ்ப்ரே அடித்துக் கொள்ளுங்கள். கடைசியாக, விலை உயர்ந்த டூல் பெட்டியைத் தொட்டியின் கொக்கியில் சங்கிலி போட்டுப் பூட்டி வையுங்கள். கேனோபி திருடனை நிறுத்தாது, தாமதப்படுத்தும். அந்தத் தாமதத்துக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

*

கேள்வி: ஹைலக்ஸுக்கு நல்ல கேனோபி போட்டாயிற்று. ஆனாலும் மணலி, மீஞ்சூர் பக்கம் போய் வந்தால் உள்ளே எல்லாச் சாமான் மேலும் சாம்பல் நிறத் தூசி. எங்கிருந்து வருகிறது?
– ஒரு வாசகர், மாதவரம்

பதில்: கேனோபியைச் சந்தேகப்படாதீர்கள், டெயில்கேட்டைப் பாருங்கள். ஓடுகிற வண்டியின் பின்பக்கம் காற்றழுத்தம் குறைந்துவிடும். கன்டெய்னர் லாரி கிளப்பிய தூசியெல்லாம் அங்கே சுழன்றுகொண்டிருக்கும். டெயில்கேட்டின் அடியிலும் இரண்டு பக்கத்திலும் தொழிற்சாலையிலேயே இடைவெளி விட்டுத்தான் செய்கிறார்கள், திறந்த தொட்டிக்கு அது குற்றமில்லை. மேலே மூடியதும் அந்த இடைவெளி வழியாகத் தூசி உள்ளே போகிறது.

டெயில்கேட்டைச் சுற்றி ஒட்டுவதற்கென்று பீடிங் கிட் இருக்கிறது. அடிப்பக்கம்தான் முக்கியம், அங்கே கீலைச் சுற்றியும் விடாமல் ஒட்ட வேண்டும். தொட்டித் தரையில் இருக்கும் தண்ணீர் வடிகிற ஓட்டைகளையும் பாருங்கள். ரப்பர் மூடி போட்டு, மழைக்காலத்தில் கழற்றிக்கொள்ளலாம். இதெல்லாம் செய்தும் தூசி வந்தால், கேனோபியின் கூரையில் முன்பக்கம் பார்த்த மாதிரி ஒரு சின்னக் காற்றுத் துவாரம் வையுங்கள், வடிகட்டி உள்ளதாக. ஓடும்போது அது உள்ளே காற்றைத் தள்ளும். உள்ளே அழுத்தம் கூடினால் தூசி நுழைய வழியிருக்காது. பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் திறந்து வைத்தால் காற்றோட்டம் வரும் என்று சிலர் செய்கிறார்கள். அது நேர்மாறாக வேலை செய்யும், பின்னாலிருந்து இன்னும் இழுக்கும்.

*

கேள்வி: வார இறுதியில் குடும்பத்தோடு பழவேற்காடு, நாகலாபுரம் என்று போவோம். கண்ணாடி, விளக்கு எல்லாம் வைத்த கேனோபி போட்டிருக்கிறோம். மெத்தை விரித்துப் பிள்ளைகளைப் பின்னால் படுக்க வைத்துக்கொண்டு போகலாமா? ஜன்னல் திறந்துதான் இருக்கும்.
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: வேண்டாம் அம்மா. கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், ஒரு கிலோமீட்டருக்குக் கூட வேண்டாம்.

மாதவரம் வாசகருக்கு மேலே எழுதியதைப் படித்துப் பாருங்கள். தூசியை உள்ளே இழுக்கிற அதே காற்று, சைலன்சர் புகையையும் இழுக்கும். புகைக் குழாய் அதே பின்பக்கத்தில்தான் முடிகிறது. அதில் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிற பிள்ளைக்குத் தலை சுற்றுவது கூடத் தெரியாது, அப்படியே ஆழ்ந்து போய்விடும். முன்னால் ஓட்டுகிறவருக்குப் பிள்ளை நன்றாகத் தூங்குகிறது என்றுதான் தோன்றும். ஜன்னல் திறந்திருப்பது காப்பாற்றாது. சில சமயம் அதுதான் புகையைக் கூடுதலாக இழுக்கிறது.

புகையை விட்டுவிடுங்கள். அங்கே சீட் பெல்ட் இல்லை, தலைக்குத் தாங்கல் இல்லை. இடித்தால் நசுங்கி வாங்கிக்கொள்வதற்காக அமைந்த இடம் அது. வி-கிராஸோ ஹைலக்ஸோ, கேபினில் ஐந்து பேருக்கு இடம் இருக்கிறது. ஆறாவது ஆள் இருந்தால் இன்னொரு வண்டி. நாய்க்குட்டியைப் பின்னால் விடலாமா என்று சிலர் கேட்பீர்கள், அதற்கும் இதே பதில்தான். இரவில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை முழுசாக அணைத்துவிட்டு, பின்கதவைத் திறந்து வைத்து உள்ளே படுப்பது வேறு விஷயம். தாராளமாகப் படுங்கள். ஆனால் உள்ளே கேஸ் அடுப்பும் வேண்டாம், கொசுவுக்குக் கரி மூட்டமும் வேண்டாம்.

*

கேள்வி: கேனோபி போட்டால் போலீஸ், ஆர்.டி.ஓ தொல்லை வருமா? இன்ஷூரன்ஸ் போய்விடுமா? அதே பட்டறையில் முன்னால் கம்பி பம்பரும் சேர்த்துக் குறைந்த விலைக்குப் போட்டுத் தருகிறேன் என்கிறார்கள்.
– ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: கம்பி பம்பர் வேண்டவே வேண்டாம். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதற்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. முன்னால் இடி வாங்கும்போது ஏர்பேக் சரியான நேரத்தில் விரிவதையும் அது கெடுக்கும். நடந்து போகிறவர் மேல் மோதினால் அவர் எலும்பு மிஞ்சாது.

கேனோபி விஷயம் இதைவிட நிதானமாகப் பார்க்க வேண்டியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. அதனால் வெட்டுவது, வெல்டு வைப்பது, சேசிஸைத் தொடுவது எதுவும் கூடாது. கழற்றி எடுத்தால் வண்டி பழையபடி ஆகிவிட வேண்டும். உங்கள் கம்பெனி ஷோரூமில் அந்த மாடலுக்கென்று கேனோபி கொடுத்தால், கொஞ்சம் விலை கூடினாலும் அதையே பில்லோடு வாங்குங்கள். வெளியே வாங்குவதானால், காசு கொடுப்பதற்கு முன் வண்டி பதிவான ஆர்.டி.ஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, கூடுதல் பொருளாகப் பாலிசியில் சேர்த்து, அந்தத் தாளைக் கையில் வாங்குங்கள். ஏஜென்ட் போனில் “ஒன்றும் ஆகாது” என்றால் அதை நம்ப வேண்டாம்.

போலீஸ் நிறுத்துவது பெரும்பாலும் இரண்டு காரணத்துக்கு. ஒன்று, கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம். 2012-லேயே உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது, கேனோபிக் கண்ணாடியிலும் ஒட்டாதீர்கள். இரண்டு, பிரேக் விளக்கு. கேபினின் தலைக்கு மேல் மூன்றாவது பிரேக் விளக்கு இருக்கிற வண்டியில் கேனோபி அதை மறைத்துவிடும். கேனோபியின் பின்னால் ஒரு விளக்கு கொடுத்திருப்பார்கள், அதற்கு வயர் இழுத்து வேலை செய்ய வைப்பது மாட்டுகிறவர் பொறுப்பு. பிரேக்கை மிதித்துப் பின்னால் ஒருவரை நிறுத்திப் பார்த்த பிறகு மீதிக் காசைக் கொடுங்கள். உள்விளக்குக்கு வயர் எடுத்தால் ஃபியூஸ் இல்லாமல் எடுக்கக் கூடாது.

*

கேள்வி: கேனோபிக் கூரை மேல் கேரியர் போட்டு ஏணி, பைப் எல்லாம் ஏற்றலாமா?
– பிளம்பிங் காண்ட்ராக்டர் ஒருவர், கொருக்குப்பேட்டை

பதில்: கேனோபி தயாரித்தவர் எவ்வளவு எடை தாங்கும் என்று எழுத்தில் கொடுத்திருந்தால் மட்டும். நின்ற வண்டியில் தாங்கும் எடை வேறு, ஓடுகிற வண்டியில் தாங்கும் எடை வேறு. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது, பல ஃபைபர் கேனோபிகளுக்கு அது ஓர் ஆள் எடையைச் சுற்றித்தான் இருக்கும். கேரியரின் எடையும் அதற்குள் அடக்கம்.

இன்னொரு கணக்கும் போடுங்கள். கம்பெனிப் புத்தகத்தில் வண்டியின் மொத்த எடையும் காலி எடையும் இருக்கும். இரண்டையும் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடியது. அதிலிருந்து கேனோபிக்கு 70 கிலோ, கேரியர், டூல் பெட்டி, கேபினில் ஏறுகிற உங்கள் ஆட்கள் நாலு பேர் எல்லாவற்றையும் கழியுங்கள். மீதிதான் பைப்புக்கு. இரும்புப் பைப் என்றால் கூரையில் ஏற்றாதீர்கள், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மேட்டில் ஒரு முறை குலுங்கினாலே ஃபைபரில் கேரியர் கால் வைத்த இடம் விரியும். ஏணியும் பி.வி.சி. பைப்பும் சரி. முன்னாலும் பின்னாலும் பெல்ட் போட்டுக் கட்டி, வண்டியைத் தாண்டி நீட்டாமல் ஏற்றுங்கள்.